ராமாயணத்திலும் பாரதத்திலும் வருகிறவர்கள்: ஒரு கொலு செட்

நவராத்திரி நெருங்கி, நெல்லை டவுன் ரத வீதியில் பொம்மைக்கடை விரித்துவிட்டால் எனக்கு வீட்டில் கால் தரிக்காது. இந்த வருஷம் ஒரு கடையில் புதுசாக ஒரு செட் கண்ணில் பட்டது. ராமர் பட்டாபிஷேகம் இல்லை, கீதோபதேசமும் இல்லை. ராமாயணம், பாரதம் இரண்டிலும் தலைகாட்டுகிறவர்களைச் சேர்த்துச் செய்திருந்தார்கள். அனுமன், அவரோடு பீமன், பரசுராமர், ஜாம்பவான், மயன், விபீஷணன் என்று ஆறு உருப்படி. மதுரை விளாச்சேரிச் சரக்கு என்றார் கடைக்கார அண்ணாச்சி. 2,800 ரூபாய் சொன்னார், 2,500க்கு முடிந்தது.

அந்த அனுமன் பீமன் ஜோடிக்கே முழுப் பணமும் கொடுக்கலாம். திரௌபதி ஆசைப்பட்ட சௌகந்திகப் பூவைத் தேடிப் போகும் பீமன், வழியை மறித்துப் படுத்திருக்கும் கிழக் குரங்கின் வாலைத் தூக்கப் பார்க்கிற இடம். மற்ற கடைகளில் நான் பார்த்த பீமன்கள் எல்லாம் வாலைத் தொட்டுக்கொண்டு சும்மா நிற்பார்கள். இவன் இடது முழங்காலைத் தரையில் ஊன்றி, கதாயுதத்தைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் வாலுக்கு அடியில் கொடுத்திருக்கிறான். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. கிருஷ்ணாபுரம் கோயில் தூண்களைச் சின்ன வயசிலிருந்து பார்த்துப் பழகிய கண் எனக்கு. அந்த நரம்பைப் பார்த்ததும் செய்தவரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அனுமன் முகத்தில் தம்பியைப் பார்க்கிற அண்ணனின் சிரிப்பு. இருவரும் வாயுவின் பிள்ளைகள் அல்லவா! பின்னால் இரண்டு வாழைமரம் வேறு. அழகுக்காக வைத்தது இல்லை, பாரதத்தின் வனபர்வத்தில் இந்தச் சந்திப்பு நடப்பதே வாழைத்தோப்பில்தான்.

"ராமர் காலத்து அனுமார் எப்படி ஆச்சி பீமனைப் பார்த்தார்?" என்று பேத்தி கேட்டாள். ராமகதை உலகத்தில் இருக்கிற வரைக்கும் தானும் இருக்க ராமரிடமே வரம் வாங்கியவர், பின்னால் அர்ஜுனன் தேர்க்கொடியிலும் அவர்தான் என்று சொன்னேன். அன்றிலிருந்து பொம்மைக்கு முன்னால் தினமும் ஒரு கேள்வி.

ஒரு விஷயம், பெட்டியைக் கடையிலேயே பிரித்துப் பாருங்கள். எனக்குக் கொடுத்ததில் பரசுராமர் கையில் கோடரிக்குப் பதில் கலப்பை இருந்தது. கலப்பை பலராமருடையது. பரசுராமரோ ராமனிடம் விஷ்ணு வில்லைக் கொடுத்தவர், பீஷ்மரோடு போர் செய்தவர், கர்ணனைச் சபித்தவர். அவர் கையில் கலப்பையா? அன்று சாயங்காலமே போய்ச் சொன்னேன். முகம் சுளிக்காமல் வேறு மாற்றிக் கொடுத்தார்கள்.

மயனை அந்தக் கடையில் விஸ்வகர்மா என்றே சொல்லி விற்கிறார்கள். அளவுகோலும் நூலும் கையில் இருப்பதால் வந்த குழப்பம். மயன் அசுரச் சிற்பி, மண்டோதரியின் தகப்பனார். காண்டவ வனம் எரிந்தபோது அர்ஜுனன் உயிரோடு விட்டதற்கு நன்றியாக 14 மாதத்தில் பாண்டவருக்குச் சபை கட்டிக் கொடுத்தவர். பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று நினைத்துத் துரியோதனன் வேட்டியைத் தூக்கியது அந்தச் சபையில்தான். பொம்மையின் காலடியில் நீலமும் வெள்ளையுமாக ஒரு சதுரம் தீட்டியிருப்பது அதுதான் என்று இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கே பிடிபட்டது.

ஜாம்பவான் சுமார், ரோமம் சரியாக வரவில்லை. கையில், கிருஷ்ணன் அவரிடமிருந்து மீட்ட சியமந்தக மணி இருக்கிறது. அந்தக் கதை விரிவாக வருவது விஷ்ணு புராணத்திலும் பாகவதத்திலும். பாரதத்தில் அவர் மகள் ஜாம்பவதி கிருஷ்ணனின் மனைவியாக வருகிறாள். தருமரின் ராஜசூய யாகத்துக்காகச் சகாதேவனிடம் கப்பம் அனுப்பிய விபீஷணன் நன்றாகவே இருக்கிறார், ஆனால் கிரீடத்துப் பொன் பூச்சு விரலில் ஒட்டுகிறது. ஈரத்துணியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

எனக்கு உண்மையான வருத்தம் ஒன்றே ஒன்று. இந்த செட்டில் அகத்தியர் இல்லை. ராமனுக்கு வில் கொடுத்தவர். பாரதத்தில் வாதாபி என்ற அசுரனை வயிற்றிலேயே செரித்தவர், கடலைக் குடித்தவர். சீதையைத் தேடத் தெற்கே போகிறவர்களிடம் சுக்ரீவன், மலய மலையில் அகத்தியரைக் காண்பீர்கள், பிறகு தாமிரபரணியைக் கடப்பீர்கள் என்கிறான். பாரதத்தின் தீர்த்த யாத்திரையிலும் இதே தாமிரபரணியின் பெயர் வருகிறது. நம் ஆறே இரண்டிலும் ஓடும்போது, நெல்லையில் விற்கிற செட்டில் பொதிகை முனி இல்லாமல் எப்படி?

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். "எங்களுக்குத் தோணவே இல்லையேம்மா" என்று நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். குள்ள உருவம், கையில் கமண்டலம், அதிலிருந்து ஒரு கோடு தண்ணீர் விழ வேண்டும் என்று விவரம் சொல்லி, அடுத்த வருஷத்துக்கு 200 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். அதுவரை மூன்றாம் படியில், பரசுராமருக்குப் பக்கத்தில், ஒரு சாண் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.