பொள்ளாச்சியா, தென்காசியா: நாலு நாள் லீவுக்கு எந்தப் பக்கம்?

பிள்ளைகளை வெயிலிலும் தண்ணீரிலும் அவிழ்த்துவிட மலையடிவாரத்து ஊர் எது என்று யார் கேட்டாலும் எனக்கு இந்த இரண்டும்தான் வாயில் வரும். இரண்டுமே கணவாய்க்கு வாசலில் உட்கார்ந்திருக்கிற ஊர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சிக்கு, ஆரியங்காவு கணவாய்க் காற்று தென்காசிக்கு. அதனால்தான் மற்ற ஊர்கள் ஜூலையில் காயும்போது இங்கே மட்டும் ஈரக்காற்று முகத்தில் அடிக்கிறது. ஆனால் அங்கே போய் என்ன செய்யலாம் என்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு.

தென்காசிப் பக்கம் எல்லாம் திறந்து கிடக்கிறது. பக்கத்துக் குற்றாலத்தில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒரு நாளில் மூன்று அருவியிலும் குளிக்கலாம், அப்பாவை அருவிக்கரையில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துவிட ஆள் கிடைப்பார்கள், குளித்து வந்த பசிக்குப் புரோட்டா, அப்புறம் சீசனில் வழியெல்லாம் கூடையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: மலைக்கு மேலே பெய்யும் மழை கீழே நிற்கிற நமக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பையனை அடித்துக்கொண்டு போனது. பேரருவியில் தண்ணீர் அங்கே கட்டியிருக்கிற பாதுகாப்பு வளைவை (ஆர்ச்) தாண்டி விழுகிறது, குளிக்கத் தடை என்று போலீஸ் சொன்னால் மறுபேச்சு வேண்டாம், அன்றைக்கு வேறு இடம் பாருங்கள்.

அந்த வேறு இடம்தான் எனக்கு அருவியைவிடப் பிடிக்கும். சுந்தரபாண்டியபுரம். ஜூலை கடைசி, ஆகஸ்டில் சூரியகாந்தி பூத்திருக்கும்போது காலை ஏழு மணிக்கு முன்னால் போங்கள். பூவெல்லாம் கிழக்கே பார்த்து நிற்கும், பின்னால் மேகம் மூடிய மலை, வரப்பில் நடந்தால் தேனீ இரையும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அது ஒரு விவசாயியின் வெள்ளாமை, போட்டோவுக்காகச் செடியை மிதித்து உள்ளே போகாதீர்கள், கேட்டுவிட்டுப் போனால் அவர்களே நல்ல இடம் காட்டுவார்கள். மாலையில் பண்பொழி திருமலைக் கோயிலுக்கு ஏறினால் கீழே வயலும் தோப்புமாக விரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். ரயில் பிடித்த பிள்ளைகள் இருந்தால் செங்கோட்டையிலிருந்து புனலூர் பாதையில் ஒரு பயணம், குகையும் பதிமூன்று கண் பாலமும் அவர்களுக்குப் போதும்.

பொள்ளாச்சி அப்படி இல்லை. அங்கே காடுதான் விசேஷம், காட்டுக்கு கேட் உண்டு, நேரம் உண்டு. ஆனைமலைக் காட்டுக்குள் இருக்கிற டாப்சிலிப்புக்கு சேத்துமடை சோதனைச் சாவடி வழியாகத்தான் போக முடியும், பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது, உள்ளே வனத்துறை வண்டியில்தான் சுற்ற வேண்டும். வெட்டிய தேக்கு மரங்களை மேலிருந்து சறுக்கிவிட்டதால் வந்த பெயர் அது. அதே பாதையில் இன்னும் போனால் பரம்பிக்குளம், கேரளத்து மண்தான், ஆனால் வண்டிப்பாதை நம் பக்கம் வழியாகத்தான். அங்கே இருக்கிற கன்னிமாரா தேக்கைக் கட்டிப்பிடிக்க அஞ்சாறு பேர் கைகோக்க வேண்டும். வால்பாறை சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒன்பதாவதில் நின்றால் கீழே ஆழியாறு அணை, அதிர்ஷ்டம் இருந்தால் பக்கத்துப் பாறையில் வரையாடு. 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கு இ-பாஸ் வேண்டும், முதல் நாளே எடுத்துவிடுங்கள். கோடையில் காட்டுத்தீ பயத்தால் டாப்சிலிப்பை மூடுவதும் உண்டு, விசாரிக்காமல் கிளம்பினால் பாதி நாள் போய்விடும்.

தங்குவதில் பொள்ளாச்சிதான் மேல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தென்னந்தோப்புக்குள் பண்ணை வீடு, வாசலில் வாய்க்கால், மோட்டார் ரூம் தொட்டியை விட்டுப் பிள்ளைகள் மதியம் வரை ஏறவே மாட்டார்கள். போன முறை களத்தில் ஒருவர் தரையில் ஊன்றிய கடப்பாரையில் தேங்காயைக் குத்தி, இரண்டு திருப்பு திருப்பி மட்டையை உரித்துப் போடுவதை என் பெண் ஒரு மணி நேரம் நின்று பார்த்தாள், அன்றைக்கு அணையும் வேண்டாம் அருவியும் வேண்டாம் என்றுவிட்டாள். வேர்வாடல் நோயும் வெள்ளை ஈயும் வந்து பல தோப்புகளில் மரத்தை வெட்டிவிட்டார்கள். இருக்கிற தோப்புக்காரருக்கு நம் வாடகை ஒரு கைகொடுப்பு என்பதாலும் நான் ஹோட்டலைவிட அதைத்தான் சொல்வேன்.

சரி, எது? ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரைக்கும் யோசிக்காமல் தென்காசி, அதுவும் சனி ஞாயிறைத் தவிர்த்துவிட்டு. அக்டோபருக்கு அப்புறம் ஜனவரி வரை பொள்ளாச்சி. வயதானவர்கள் கூட வந்தால் வளைவுப் பாதை இல்லாத தென்காசி சுகம், காடு பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் என்றால் பொள்ளாச்சியில் குறைந்தது மூன்று இரவு. சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தென்காசியில் இறங்கலாம். ரூமை மட்டும் அருவிக்குப் பக்கத்தில் போடாமல் இலஞ்சிப் பக்கம் பாருங்கள், ஜன்னலைத் திறந்தால் வயல் தெரியும்.