பயோவா, மற்ஸா? கணினியையும் உயிரியலையும் சேர்த்துப் படிக்க விரும்பும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு

சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமை, தம்பலகாமத்தில் இருந்து ஒரு தகப்பனும் மகளும் உவர்மலையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் மென்பொருள் வேலை செய்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் உயர்தரப் பிள்ளைகள் சிலருக்குப் பைதன் நிரலாக்கம் சொல்லிக் கொடுப்பதால் இப்படி விசாரித்து வருபவர்கள் உண்டு. மகள் நேராகவே கேட்டாள்: "அண்ணா, எனக்குக் கொம்பியூட்டரும் விருப்பம், உயிரியலும் விருப்பம். ரெண்டையும் சேர்த்துப் படிக்கிறதெண்டால் பயோ எடுக்கிறதா, மற்ஸ் எடுக்கிறதா?" தகப்பனுடைய கவலை வேறு. "தம்பி, இதைப் படிச்சு முடிச்சால் வேலை இருக்குமோ?"

அன்று அரை மணித்தியாலத்தில் நான் சொன்னது போதவில்லை. அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணினி விஞ்ஞானமும் மூலக்கூற்று உயிரியலும் ஒரே பட்டமாகவே இருக்கின்றன. அங்கே பல்கலைக்கழகத்துக்குள் போன பிறகுதான் துறையைத் தெரிவு செய்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் பதினாறு வயதிலேயே தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது. உயர்தரத்தில் மூன்றே பாடங்கள். மற்ஸ் பிரிவில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்று போனால் மருத்துவபீடம் இல்லை. பயோ பிரிவில் உயிரியல் எடுத்தால் பொறியியற்பீடம் இல்லை. ஆகவே பட்டப்படிப்புகளை ஒப்பிடுவதென்றாலும் அந்த மூன்று பாடங்களில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

பெயர்களிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. உயிர்மருத்துவப் பொறியியல் என்றால் பெரும்பாலும் கருவிகள்: ஈசிஜி, ஸ்கான், செயற்கைக் கை. உயிர்த் தகவலியல் என்றால் டி.என்.ஏ, புரதம் போன்றவற்றின் தரவைக் கணினியால் படிப்பது. உயிர்ப்பொறியியல் என்பது உயிருள்ள கலத்தையே மாற்றி அமைப்பது வரை போகும் அகலமான சொல். கணினி மூன்றிலும் உண்டு. ஆனால் மூன்றிலும் நாளாந்த வேலை ஒன்றல்ல.

சரி, இனி வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல். அங்கே இலத்திரனியல், தொலைத்தொடர்புப் பொறியியல் துறையின் கீழ் இந்தப் பட்டம் நடக்கிறது. மற்ஸ் பிரிவில் இருந்து பொறியியற்பீடத்துக்குள் போக வேண்டும். உள்ளே போன பிறகு முதற்கட்டப் பெறுபேற்றை வைத்துத்தான் துறை பிரிப்பார்கள், எடுக்கும் எண்ணிக்கையும் சிறியது. பொறியியலுக்குள் போய்விட்டால் இது நிச்சயம் கிடைக்கும் என்று நினைத்து இருக்கக் கூடாது. ஆனால் கிடைத்தவர்களுக்கு இது உண்மையான சேர்மானம். அதன் அருமை எனக்கு விளங்கியது ஒரு சின்னச் சம்பவத்தில்.

போன வருடம் என்னிடம் வரும் இரண்டு பையன்கள் ஏ.டி.8232 என்ற சின்ன ஈசிஜி பலகையை வாங்கி, ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையோடு இணைத்து, ஒருவனுடைய நெஞ்சில் சமிக்ஞையை எடுக்கும் ஒட்டுகளை ஒட்டிப் பார்த்தார்கள். தோலில் கிடைக்கும் இதயத்தின் சமிக்ஞை ஒரு மில்லிவோல்ட் அளவுதான். திரையில் வந்தது இதயத்துடிப்பாக இல்லை, சீப்புப் பல் மாதிரி நெருக்கமான கோடுகள். இரண்டு பின்னேரம் நிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நானும் நிரலைத்தான் பார்த்தேன். மூன்றாம் நாள் ஒருவன் தன் கைபேசியைச் செருக மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றினான். உடனே கோடு தெளிந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் உயரமாக எழும் ஆர் அலை கூர்மையாக எழும்பி நின்றது.

விசயம் இதுதான். எங்கள் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்த இரைச்சல் வயர் வழியாகவும் உடம்பு வழியாகவும் சமிக்ஞைக்குள் வந்துவிடுகிறது. பையன்கள் இணையத்தில் இருந்து எடுத்த நிரலில் இந்த இரைச்சலை வெட்டும் வடிகட்டி 60 ஹேர்ட்ஸுக்கு எழுதப்பட்டிருந்தது, ஏனென்றால் எழுதியவர் அமெரிக்காவில் இருக்கிறார். ஓர் எண்ணை மாற்றியதும் சரிவந்தது. வடிகட்டி 50 ஹேர்ட்ஸைச் சுற்றி அகலமாக வெட்டினால் இதய அலையின் கூர்மையே மழுங்கிப் போகும், ஏனென்றால் அந்த அலையிலும் 50 ஹேர்ட்ஸ் அளவில் உண்மையான தகவல் இருக்கிறது. (உடம்பில் ஒட்டுகள் இருக்கும்போது சார்ஜரைச் செருகவே கூடாது. பாதுகாப்புக்காகவும்தான். அன்றிலிருந்து என் வீட்டில் அது சட்டம்.)

கணினி விஞ்ஞானம் மட்டும் படித்த ஒருவர் ஈசிஜியை ஆராயப் போனால் பெரும்பாலும் எம்.ஐ.டி.-பி.ஐ.எச். என்ற ஈசிஜிப் பதிவுகளின் தரவுத்தளத்தில் இருந்து தொடங்குவார். 47 பேருடைய 48 அரைமணிப் பதிவுகள், செக்கனுக்கு 360 அளவீடுகள். அருமையான தரவு. அதை வைத்து நல்ல நிரல் எழுதலாம். ஆனால் அது 60 ஹேர்ட்ஸ் நாட்டில் பதிந்தது. ஒட்டு காய்ந்தால் என்ன ஆகும், வியர்த்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருந்து கையில் வராது. உயிர்மருத்துவப் பொறியியல் பிள்ளைக்கு அது இரண்டாம் வருடத்திலேயே கையில் வந்துவிடும்.

இரண்டாவது வழி, கணினியை முழுதாகப் படித்துவிட்டு உயிரியலைப் பின்னால் சேர்ப்பது. எங்கள் ஊருக்கு மிகக் கிட்டிய வழி இது. நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே கணினி விஞ்ஞானம் படிக்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியிலும் யாழ்ப்பாணத்திலும் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடத்தில் கணினிப் பொறியியல் உண்டு. வேலை என்று பார்த்தால் தகப்பனின் கேள்விக்கு நிம்மதியான பதில் இங்கேதான். உயிரியல் பக்கம் சரிவராவிட்டாலும் மென்பொருள் வேலை கையில் இருக்கும்.

குறை எங்கே என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். டி.என்.ஏயை ஏ, சி, ஜி, ரி என்ற நான்கு எழுத்துகளால் சரமாக எழுதுவார்கள். அப்படி இரண்டு சரங்களை எடுங்கள். ஒன்று ஏ-சி-ஜி-ரி-ஏ. மற்றது ஏ-ஜி-ரி-ஏ. பொருந்தினால் ஒரு புள்ளி, பொருந்தாவிட்டால் ஒரு புள்ளி கழிவு, இடைவெளி விட்டாலும் ஒரு புள்ளி கழிவு என்று வைப்போம். இரண்டையும் இடப்பக்கம் ஒட்டி அப்படியே வைத்தால் முதலெழுத்து மட்டும் பொருந்தும், மூன்று பொருந்தாது, கடைசியில் ஓர் இடைவெளி. மொத்தம் கழித்தல் மூன்று. இரண்டாவது சரத்தில் ஏ-க்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டுப் பாருங்கள். நான்கும் பொருந்தும், ஓர் இடைவெளி. மொத்தம் மூன்று. இரண்டாவதுதான் நல்ல பொருத்தம். நீளமான சரங்களுக்கு இதைக் கட்டம் போட்டுச் செய்யும் முறையை நீடில்மனும் வுன்ஷும் 1970இல் வெளியிட்டார்கள். கணினி விஞ்ஞான மாணவருக்கு இது ஒரு விரிவுரையில் விளங்கிவிடும். எழுத்துப்பிழை திருத்தும் நிரலின் உள்ளேயும் இதே கட்டம்தானே.

விளங்காதது வேறொன்று. உண்மையான உயிரியல் மென்பொருளில் இடைவெளியைத் தொடங்குவதற்குப் பெரிய கழிவும், தொடங்கிய இடைவெளியை நீட்டுவதற்குச் சின்னக் கழிவும் வைத்திருப்பார்கள். ஏன் இரண்டு கணக்கு? இயற்கையில் ஒரே ஒரு நிகழ்வில் பத்து எழுத்துகள் சேர்ந்தே அறுந்து போகலாம். பத்துத் தனித்தனி இடைவெளிகளையும் பத்தெழுத்து நீளமான ஓர் இடைவெளியையும் ஒன்றாகக் கணக்குப் பார்த்தால் பிழை. அந்த எண்ணை எவ்வளவு வைப்பது என்று நிரல் சொல்லாது. அதற்கு உயிரியல் தெரிய வேண்டும். கணினியை மட்டும் படித்துவிட்டு வருபவர் இந்த இடத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன எண்ணை நம்பிக்கொண்டு இருப்பார். பின்னால் உயிரியலைச் சேர்ப்பேன் என்று சொல்பவர்கள் உண்மையில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, பயோ பிரிவு. மருத்துவத்துக்கு மட்டும் பயோ என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் பிள்ளை தோற்றுவிட்டது என்று வீடே இருண்டு கிடக்கும். அது எனக்கு மனவருத்தமான விசயம். விஞ்ஞானபீடங்களில் மூலக்கூற்று உயிரியல், உயிர் இரசாயனவியல் படித்து, கூடவே நிரலாக்கமும் பழகினால் அதுவும் இந்தத் துறைக்கு வரும் நேர் வழிதான்.

2017 டெங்கு ஞாபகம் இருக்கும். கிண்ணியாவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். நாடு முழுவதும் அந்த வருடம் 186,000 பேருக்கு மேல் பதிவானது. டெங்கு வைரசில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து மாறியவருக்கு அடுத்த தடவை வேறு வகை வந்தால் ஆபத்து கூடும். அந்த வருடம் முன்னுக்கு நின்றது இரண்டாம் வகை என்று எப்படித் தெரியவந்தது? யாரோ இரத்த மாதிரியில் இருந்து வைரசின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.யைப் பிரித்து, அது எந்த வகை என்று சோதித்து, சரத்தை வாசித்துப் பழைய சரங்களோடு ஒப்பிட்டார்கள். கடைசிப் படி கணினி வேலை. முதல் இரண்டும் ஆய்வுகூட வேலை. மாதிரி பழுதானால் எவ்வளவு நல்ல நிரலும் உதவாது. கையுறை போட்டுக் குழாய் பிடிக்கும் வேலையில்தான் மனம் போகிறது என்றால் அந்தப் பிள்ளையை மற்ஸுக்குத் தள்ளாதீர்கள்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். இந்த வழியில் இரண்டு இடத்தில் இடறும். ஒன்று, கணினி விஞ்ஞானப் பட்டத்துக்கு மற்ஸ் பிரிவுதான் நேர்வழி. பயோவில் இருந்து நினைத்தவுடன் அங்கே மாற முடியாது. மற்றது கணிதம். நிகழ்தகவும் நேர்கோட்டு இயற்கணிதமும் இல்லாமல் இன்றைய உயிர்த் தகவலியலில் தூரம் போக முடியாது. இருபத்திரண்டு வயதில் உயிரியல் புத்தகத்தைத் திறந்து தானாகப் படித்து மேலே வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே வயதில் கணிதத்தைத் தனியாகத் தொடங்கியவர்கள் பாதியில் விட்டதைத்தான் கூடப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது வழி இந்தியா. தஞ்சாவூர் சாஸ்த்ராவில் உயிர்த் தகவலியல், வேலூர் வி.ஐ.டி.யில் உயிர்த் தகவலியல் சிறப்போடு கணினிப் பொறியியல், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் என்று பெயரிலேயே சேர்ந்த பட்டங்கள் உண்டு. காசு கட்டிப் படிப்பது எல்லா வீட்டுக்கும் இயலாது. இந்திய அரசின் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலும் தகவல் தொழினுட்பத்துக்கான ராஜீவ் காந்தி புலமைப்பரிசிலும் இலங்கை மாணவர்களுக்கென்றே இருக்கின்றன. அறிவித்தல் வரும்போது எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அது போய்ச் சேர்வதில்லை. ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்து பாடசாலை அறிவித்தல் பலகையில் இரண்டு நாள் தொங்கிவிட்டுப் போகிறது. எந்தப் பட்டத்தையும் காசு கட்ட முன்பு எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான்கில் எது என்று கேட்டால், ஆய்வுகூடத்தில் மனம் ஒட்டிய பிள்ளையைத் தவிர மற்ற எல்லோருக்கும் நான் மற்ஸைத்தான் சொல்வேன். ஒரு நிபந்தனையோடு: இரசாயனவியலை விடாதீர்கள். மற்ஸ் பிரிவில் இரசாயனத்துக்குப் பதிலாக ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) எடுத்தால் லேசு என்று ரியூசன் வாசலில் பிள்ளைகள் கதைப்பார்கள். கணினி விருப்பமான பிள்ளைக்கு அது இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இரசாயனம் இல்லாமல் பொறியியற்பீடம் இல்லை. மொறட்டுவை, கிளிநொச்சி இரண்டும் அங்கேயே போய்விடும். அதைவிடப் பெரிய நட்டம் இன்னொன்று. மற்ஸுக்கும் பயோவுக்கும் நடுவில் உள்ள பாலம் இரசாயனம். புரதம் ஏன் மடிகிறது, டி.என்.ஏயின் இரண்டு இழைகள் ஏன் ஒட்டுகின்றன என்பதெல்லாம் ஐதரசன் பிணைப்பு போன்ற இரசாயனத்தில் இருந்துதான் தொடங்குகின்றன.

2024இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு புரதங்களைக் கணினியால் கையாண்டதற்குக் கொடுக்கப்பட்டது. வாங்கிய மூவரில் டெமிஸ் ஹசாபிஸ் முதலில் படித்தது கணினி விஞ்ஞானம், பிறகு நரம்பியலில் கலாநிதிப் பட்டம். ஜோன் ஜம்பர் பௌதிகமும் கணிதமும் படித்து இரசாயனத்துக்கு வந்தவர். டேவிட் பேக்கர் உயிரியலில் பட்டம் எடுத்தவர். மூவரும் மூன்று வாசலால் வந்து ஒரே அறையில் சந்தித்தார்கள்.

எங்கள் மாவட்டப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். விஞ்ஞான, பொறியியல் அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே கொழும்பு வெட்டுப்புள்ளியைப் பார்த்துவிட்டு "எங்களால் ஏலாது" என்று பேனையை வைக்காதீர்கள். எங்கள் மாவட்ட வெட்டுப்புள்ளியைப் பாருங்கள். தேவையான பாடங்கள் பற்றிய கடைசிச் சொல் அந்தந்த வருட மாணவர் கைந்நூலில்தான் இருக்கும். என் சொல்லை விட அதை நம்புங்கள்.

தம்பலகாமத்துப் பிள்ளை மற்ஸ் எடுத்தாள், இரசாயனத்தோடு. பயோ எடுத்த மச்சாளின் கொப்பிகளை லீவு நாட்களில் வாங்கி வாசிக்கிறாளாம். போன மாதம் அவளுக்கு ரோசலிண்ட் என்ற இணையத்தளத்தைக் காட்டினேன். உயிரியல் கணக்குகளை நிரல் எழுதித் தீர்க்கும் இடம், காசு இல்லை. முதற் கணக்கு, ஒரு டி.என்.ஏ சரத்தில் நான்கு எழுத்துகளும் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணுவது. பத்து வரிப் பைதன். தகப்பனுடைய கைபேசியில் தட்டி எழுதி, பஸ்ஸில் வீட்டுக்குப் போய்ச் சேர முன்பே விடையை அனுப்பிவிட்டாள். கீழே ஒரு கேள்வியும் இருந்தது: "அண்ணா, ஏன் ஏ-யும் ரி-யும் கிட்டத்தட்ட ஒரே அளவாக வருது?"