இன்வெஸ்ட் மென்பொருள்: மலைக்கு எந்த அளவுக்கு நம்பலாம்?

மலைக்காடு என்ன செய்கிறது என்று கேட்டால் தண்ணீர் தருகிறது, மண்ணைப் பிடித்து வைக்கிறது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். எந்தச் சரிவு, எவ்வளவு, கீழே யாருக்கு என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் பேச்சு தடைபடும். அதற்கு வரைபடமாகப் பதில் தரப் பார்க்கிறது இன்வெஸ்ட். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட நேச்சுரல் கேப்பிட்டல் ப்ராஜெக்ட் (இப்போது நேச்சுரல் கேப்பிட்டல் அலையன்ஸ்) வெளியிடும் மென்பொருள், இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. மலைப்பகுதிக்கு இதைப் பயன்படுத்தலாம் என்பதுதான் என் முடிவு. ஆனால் வண்டலுக்கு ஒன்று, நீருக்கு ஒன்று என்று இதில் தனித்தனியாக இருக்கும் கணக்கு முறைகளை, அதாவது மாடல்களை, எல்லாம் ஒரே அளவுக்கு நம்பிவிடக் கூடாது.

முன்பெல்லாம் இதை ஓட்ட ஆர்க்ஜிஐஎஸ் என்ற கட்டண வரைபட மென்பொருள் வேண்டியிருந்தது, இப்போது தனியாகவே நிறுவிக்கொள்ளலாம். கொடுக்கும் கோப்புகளை ஓட்டத்துக்கு முன்பே சரிபார்த்து, தவறு இருந்தால் சொல்லிவிடும். உயர வரைபடம் மீட்டர் அலகில் இல்லாமல் பாகைக் கணக்கில் இருந்தாலோ, நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் உள்ள ஒரு குறியீட்டு எண் அட்டவணையில் விடுபட்டிருந்தாலோ வேலை நகராது. முடிவுகள் ராஸ்டர் கோப்புகளாக, அதாவது கட்டம் கட்டமாக எண் நிரப்பிய வரைபடங்களாக வரும், அவற்றைப் பிரித்துப் பார்க்க கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வண்டல் மாடல். மழையின் அரிக்கும் திறன், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், மேலே இருக்கும் தாவரப் போர்வை, மண்காப்பு வேலைகள் எல்லாவற்றையும் பெருக்கி, வரைபடத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்திலும் ஆண்டுக்கு எவ்வளவு மண் அரிக்கும் என்று கணக்கிடுகிறது. இதுவரை, மண் அரிப்பைக் கணக்கிடும் பழைய யுஎஸ்எல்இ சூத்திரம்தான். இதற்கு அப்புறம் செய்வதுதான் முக்கியம்: அரித்த மண்ணில் எத்தனை பங்கு ஓடைக்குப் போய்ச் சேரும் என்றும் பார்க்கிறது. ஒரே அளவு அரிக்கும் இரண்டு சரிவுகளில் ஒன்றுக்குக் கீழே ஓடைக்கரையை ஒட்டி அடர்ந்த புல்லோ புதரோ இருந்தால் அதன் வண்டல் பங்கு சட்டென்று குறைந்துவிடும். கரையோரப் புதரைக் காப்பாற்றப் போராடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது கஷ்டம். ஒன்று மட்டும் கவனம். எத்தனை கட்டங்களின் நீர் சேர்ந்தால் ஓடை தொடங்கும் என்ற எண்ணை நாம்தான் கொடுக்க வேண்டும், அதைச் சின்னதாக வைத்தால் மலை முழுக்க ஓடையாகிவிடும், வண்டல் கணக்கும் கூடவே ஏறிவிடும். மென்பொருள் வரைந்த ஓடைகளைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சரி, தண்ணீர். இங்கேதான் எனக்குப் பெரிய கவலை. ஆண்டு நீர் விளைச்சல் மாடல், பெய்த மழையிலிருந்து ஆவியாகிப் போவதைக் கழிப்பதுதான். ஆழமாக வேர் விட்ட மரம் அதிக நீரை ஆவியாக்கும் என்பதால், காட்டை அழித்த நிலவரத்தைக் கொடுத்து ஓட்டினால் தண்ணீர் கூடியதாகவே விடை வரும். ஆண்டு மொத்தம் என்று பார்த்தால் அது தப்பான விடையும் இல்லை, ஆனால் கீழே இருப்பவருக்குத் தேவை வறண்ட மாதங்களில் ஓடும் நீர், வெள்ளத்தில் அடித்துப்போகும் நீரை வைத்து அவர் என்ன செய்வார்? மூடுபனியிலிருந்து மேகக்காட்டு இலைகள் வடித்துத் தரும் நீர் இந்தக் கணக்கில் தானாக வராது, பனிப்படிவு உருகி வருவதும் வராது. ஈக்வடாரின் கீட்டோ நகரம் 2000இல் ஒரு நீர் நிதியைத் தொடங்கி, ஆண்டிஸ் மலையின் உயரத்தில் இருக்கும் பாராமோ என்ற ஈரப் புல்வெளிகளைக் காக்கச் செலவிட்டு வருகிறது. பாராமோவின் அருமையே அதன் மண் நீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடுவதுதான். அதை ஆண்டு மொத்தக் கணக்கில் தேடினால் கண்ணில் படாது. பருவகால நீர் மாடல் ஒன்றும் இதில் இருக்கிறது, மலைக்கு அதைத்தான் எடுக்க வேண்டும், அப்போதும் அடிநீர் (மழையில்லாத நாளிலும் ஓடையில் ஓடும் நீர்) எண்களை இடத்துக்கு இடம் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலச்சரிவு, பள்ள அரிப்பு, ஆற்றங்கரை இடிவு இவை வண்டல் மாடலில் இல்லை, கையேடே அதைச் சொல்கிறது. செங்குத்து மலைகளில் ஆற்றுக்கு வரும் மண்ணில் பெரும்பங்கு சில சமயம் இவற்றிலிருந்துதான் வருகிறது. அதனால் வண்டல் வரைபடத்தில் வண்டல் குறைவு என்று பச்சையாகத் தெரியும் சரிவைப் பாதுகாப்பானது என்று யாராவது காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. மழைத் தரவும் அப்படித்தான், உலகளாவிய மழை வரைபடங்கள் நிலையங்களுக்கு இடையே கணித்து நிரப்பியவை, உயரத்தில் நிலையங்களே குறைவு.

பணக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கரிமம், நீர்மின்சாரம் போன்ற சிலவற்றுக்கு மதிப்புப் போடும், மற்றபடி டன்னும் கனமீட்டரும்தான். அதில் எனக்குக் குறையில்லை. நியூயார்க் நகரம் 1997இல் கேட்ஸ்கில் மலை நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்க ஒப்பந்தம் போட்டபோது அந்த மலைக்கு மதிப்பு வந்தது, பல நூறு கோடி டாலரில் வடிகட்டும் ஆலை கட்ட வேண்டியிருந்த செலவு எதிரே நின்றதால். அந்த மாதிரி மாற்றுச் செலவை நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும்.

ஆக, எந்தச் சரிவை முதலில் காப்பது என்று வரிசைப்படுத்த இதைத் தாராளமாக எடுங்கள். ஓடையில் அளவீட்டு நிலையம் இருந்தால் அதன் எண்களோடு பொருத்திப் பாருங்கள். இல்லாவிட்டால், வண்டல் மாடலில், அரித்த மண்ணில் எத்தனை பங்கு ஓடைக்குச் சேரும் என்பதைச் சரிக்கட்டும் கே என்ற அளவுரு இயல்பாக 2 என்று இருக்கும், அதை 1.5 என்றும் 2.5 என்றும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள். முன்னணியில் வந்த சரிவுகள் மூன்று தடவையும் அதே வரிசையில் நின்றால் அந்த வரிசையைக் கூட்டத்தில் தைரியமாக வைக்கலாம், டன் கணக்கை மட்டும் வைக்க வேண்டாம்.