ரிவர்ஸ் கேமராவுக்குள் ஈரம் பூத்தால் சிலிகான் பூச விடாதீர்கள்: ஓர் எச்சரிக்கை

திருநெல்வேலியிலிருந்து தென்காசி, குற்றாலம் பக்கம் காரில் அடிக்கடி போய் வருகிறவர்கள் இதை முழுவதும் படிக்க வேண்டுகிறேன். ரிவர்ஸ் கேமராவின் கண்ணாடிக்கு உட்புறம் ஈரம் பூத்திருக்கிறது என்று சொல்லிப் போன என்னிடம், நம் ஊரிலுள்ள கார் துணைப்பொருள் கடை ஒன்றில் ‘வாட்டர் ப்ரூஃப் பேக்கிங்’ என்று பணம் வாங்கிக்கொண்டு, நன்றாக இருந்த கேமராவையும் கெடுத்து, கம்பெனி வாரண்டியையும் இழக்கச் செய்துவிட்டார்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்த வேலை என்ன, அது ஏன் தவறு என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஆனி, ஆடி மாதங்களில் பாளையங்கோட்டையில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். ஆலங்குளம் தாண்டிப் பாவூர்சத்திரத்தை நெருங்கும்போதே செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்று முகத்தில் அடிக்கும். தென்காசியில் சாரல் நனைக்கும். வெயிலில் காய்ந்து கையே வைக்க முடியாமல் சுட்ட டிக்கிக் கதவு, ஒரு மணி நேரப் பயணத்துக்குள் குளிர்ந்த சாரலில் நனைகிறது. அப்படி ஒரு மாலையில் குற்றாலத்தில் வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது திரையின் நடுவில் வெள்ளையாகப் புகை படிந்ததுபோல் தெரிந்தது. துணியால் துடைத்தும் போகவில்லை. மறுநாள் நண்பகலுக்குள் அது தானாகவே மறைந்துவிட்டது. பிறகும் சாரலில் போய் வந்த நாட்களில் அது தெரிவதும் மறைவதுமாக இருந்ததால், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கேமராவைப் பார்த்த பார்வையிலேயே முடிவு சொன்னார். “கம்பெனிக்காரன் சீல் சரியா வைக்கல அண்ணாச்சி. நாங்க ஒரு பேக்கிங் போட்டுத் தாரோம், இனிமே ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது, நான் பொறுப்பு” என்றார். கேமராவைத் திறந்தால் வாரண்டி போய்விடாதா என்று கேட்டேன். “திறக்கவே மாட்டோம், வெளிய மட்டும்தான் வேலை” என்றார். 1,800 ரூபாய் என்று பேசி, வண்டியை விட்டுவிட்டு வரச் சொன்னார்.

மாலையில் நான் போனபோது வேலை இன்னும் முடிந்திருக்கவில்லை. கேமரா மேசைமேல் பிரிந்து கிடந்தது. வேலை பார்த்த தம்பி அதற்குள் முடி உலர்த்தும் கருவியால் சூடான காற்றை அடித்துக்கொண்டிருந்தார். அன்று நகரிலும் தூறல் என்பதால் திறந்திருந்த கடைக் கதவு வழியாக ஈரக்காற்று வீசிக்கொண்டிருந்தது. பிறகு மூடியைப் பொருத்தி, குளியலறை வாஷ்பேசின் ஓரத்துக்குப் பூசுகிற சிலிகானைத் துப்பாக்கியில் வைத்து, மூடியின் இணைப்பு முழுவதும் தடவி, பின்புறத்தில் சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாக இருந்த ஒரு வெள்ளை வட்டத்தின் மேலும் தாராளமாகப் பூசினார். கடைசியாக டிக்கிக் கதவின் உட்புறத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் செருகினார். அந்தப் பொட்டலத்துக்குள் இருந்த மணிகள் இளஞ்சிவப்பாக இருந்தன. நீல மணிகள் ஈரம் குடித்து நிறைந்தால்தான் அந்த நிறத்துக்கு வரும். அதாவது, எனக்கு விற்ற உலர்த்தி ஏற்கெனவே நனைந்து முடிந்த உலர்த்தி. திறக்க மாட்டோம் என்றீர்களே என்று கேட்டபோது, உள்ளே சுத்தம் செய்யாமல் பேக்கிங் போட முடியாது என்று பதில் வந்தது.

அந்த வெள்ளை வட்டம் என்ன என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. வாகனங்களில் வைக்கிற பல கேமராக்களிலும் ரேடார்களிலும் முன்விளக்குகளிலும் உள்ளிருக்கும் காற்று மூச்சுவிடுவதற்கென்று ஒரு சிறு வழி விட்டு, அதன்மேல் டெஃப்லான் இனத்தைச் சேர்ந்த நுண்துளைச் சவ்வு ஒன்றை ஒட்டியிருப்பார்கள். நீர்த்துளி அதில் நுழையாது. காற்றும் நீராவியும் இரு பக்கமும் போய் வரும். வெயிலில் டிக்கிக் கதவு சுடும்போது கேமராவுக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. 60 டிகிரியில் இருந்த அந்தக் காற்று சாரல் பட்டு 25 டிகிரிக்கு இறங்கும்போது, பெட்டி முற்றிலும் மூடியிருந்தால், உள்ளே அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் தருகிற அழுத்தத்துக்குச் சமமான இழுப்பு அது. ரப்பர் வளையத்தின் ஓரத்திலோ, ஒயர் நுழைகிற இடத்திலோ மயிரிழை இடைவெளி இருந்தாலும், அங்கே நிற்கிற மழைநீரை அந்த இழுப்பு உள்ளே கொண்டுபோய்விடும். ஒயரின் உறைக்குள் செப்பு இழைகளுக்கு இடையிலேயே தண்ணீர் ஊர்ந்து கேமரா வரை வருவதும் உண்டு. சவ்வு திறந்திருந்தால் அழுத்தம் உடனுக்குடன் சமமாகிவிடும், இழுப்பே ஏற்படாது. தண்ணீர் புகக் கூடாது என்று சொல்லி அந்தச் சவ்வை அடைப்பவர், தண்ணீரை உள்ளே இழுக்கிற வேலையைத்தான் செய்கிறார்.

இன்னொன்றும் உண்டு. ஈரம் எல்லாம் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. கேமராவின் உடல் பிளாஸ்டிக்கே ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும்; நைலான் வகைகள் தம் எடையில் சில சதவீதம் வரை ஈரத்தைக் குடிக்கும். வெயிலில் சூடாகும்போது அந்த ஈரம் உள்வெளிக்கு வந்து, கண்ணாடி குளிர்ந்ததும் அதில் படிகிறது. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் பனி பூக்கும். சாரல் நாட்களில் இது ஒரு பெரிய குளிர்ச்சியே அல்ல. அதனால்தான் தொழிற்சாலைகளில் ஈரம் நீக்கிய காற்றுள்ள அறையில் பாகங்களைப் பொருத்தி, மூடிய பிறகு காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்து அனுப்புகிறார்கள். தூறல் விழுகிற நாளில், கதவைத் திறந்துவைத்த கடையில், உள்ளே சூடுகாட்டிவிட்டு மூடுவது, ஈரத்துணியை டப்பாவில் போட்டு இறுக்கி மூடுவதைப் போன்றதுதான்.

எதிர்பார்க்கக்கூடியபடியே, அந்த வேலைக்குப் பிறகு நண்பகலில் மறைந்துகொண்டிருந்த புகைமூட்டம் மறைவதை நிறுத்திவிட்டது. கண்ணாடியின் கீழோரத்தில் துளிகளே நின்றன. திரும்பப் போய்க் காட்டினேன். கொடுத்த வாக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. “உள்ள போர்டே போயிருக்கும் அண்ணாச்சி, புதுசு மாத்திருங்க; நம்மகிட்ட ஐ.பி. 69கே கேமரா இருக்கு” என்று 4,500 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார். ஐ.பி. என்பது தூசியும் தண்ணீரும் புகாமல் தடுக்கிற திறனுக்கான மதிப்பீடு. 69கே மதிப்பீட்டுக்கான சோதனையில் 80 டிகிரி சூடுள்ள தண்ணீரை 80 முதல் 100 பார் வரையிலான அழுத்தத்தில், 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பீய்ச்சுவார்கள். அத்தகைய சோதனையைத் தாண்டிய பொருளின் பெட்டியில் தயாரித்தவர் பெயர்கூட அச்சிடப்படாமல் இருந்தது வியப்புதான். நான் அதை வாங்கவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நான் கேட்காமலேயே, ‘சேர்த்துச் செய்துவிட்டோம்’ என்று பின் பம்பரிலுள்ள பார்க்கிங் சென்சார்களைச் சுற்றியும் அதே சிலிகானைப் பூசியிருந்தார்கள். 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்பக்கப் பார்க்கிங் சென்சார் கட்டாயம் என்பதால், இன்று பெரும்பாலான வண்டிகளில் இவை இருக்கின்றன; ஆகவே இந்தப் பகுதி பலருக்கும் பயன்படும். இவை நம் காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பவை. சென்சாரின் முகம் அதிரும்போது அந்த அதிர்வு பம்பருக்குப் போகாமல் தடுப்பதற்காகத்தான் சுற்றிலும் மெல்லிய ரப்பர் வளையம் வைத்திருக்கிறார்கள். அந்த வளையத்தின் மேல் சிலிகானை நிரப்பினால் சென்சாரும் பம்பரும் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. எதுவுமே இல்லாத வெட்டவெளியிலும் என் வண்டி கூவத் தொடங்கியதற்குக் காரணம் அதுவே.

கடைசியில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே மூத்த டெக்னீஷியன் கேமராவைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனதுமே, “யார் சார் இதுல பாத்ரூம் சிலிகான் போட்டது?” என்று கேட்டார். லேசான வினிகர் வாடை இன்னும் இருந்தது. அந்த வகைச் சிலிகான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அடைபட்ட பெட்டிக்குள் அது செப்பையும் ஈயப்பற்றையும் அரிக்கும். பிரித்துக் காட்டியபோது கனெக்டர் பின்கள் பச்சை பிடித்திருந்தன. முதலில் என்ன கோளாறு இருந்தது என்று கேட்டேன். நான் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமே இருந்திருக்காது, சவ்வின் மேல் படிந்த சேற்றைத் துடைத்தாலே போதுமாக இருந்திருக்கும் என்றார். ‘வெளியாள் திறந்தது’ என்று அவர்கள் குறித்துவிட்டதால், வாரண்டியில் இலவசமாகக் கிடைக்க வேண்டிய கேமராவுக்கு நானே முழு விலையும் கொடுத்தேன்.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் நானாகப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கண்ணாடிக்குள் மெல்லிய மூட்டமாகப் பூத்து, வண்டி ஓடியோ வெயில் ஏறியோ சூடானதும் மறைந்துவிடுகிற ஈரம் பெரும்பாலும் கேமரா மூச்சுவிடுவதன் அடையாளமே. அதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. துளிகளாக நின்றாலோ, காய்ந்த பிறகு வெள்ளைத் தடம் தெரிந்தாலோ, படம் விட்டு விட்டு வந்தாலோ அது கசிவு. வாரண்டிக்காலம் இருந்தால் கம்பெனியிடமே போங்கள். முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள வண்டிகளில் மழைநாளில் எச்சரிக்கை வந்தால், பெரும்பாலும் கேமராவுக்கு முன்னால் உள்ள கண்ணாடியின் உட்புறத்தில்தான் ஈரம் பூத்திருக்கும், ஏ.சி.யைப் போட்டு முன்கண்ணாடிக்குக் காற்றைத் திருப்பினால் தெளிந்துவிடும், கேமராவைக் கழற்றவே விடாதீர்கள்.

வாட்டர் சர்வீஸ் விடும்போதும் கவனம் வேண்டும். நெடுந்தூரம் ஓடி வந்த வண்டி ஆறும் முன்பே பிரஷர் துப்பாக்கியைக் கேமராவுக்கும் சென்சாருக்கும் நேராகப் பிடிப்பது, மேலே சொன்ன இழுப்போடு பீய்ச்சுகிற அழுத்தத்தையும் சேர்ப்பதாகும். ‘ஐ.பி. 67’ என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் பொருளே தவிர, பிரஷர் தண்ணீரைத் தாங்கும் என்று பொருளல்ல. வெளியில் புதிதாகக் கேமரா பொருத்துகிறவர்கள், ஒயர் கேமராவிலிருந்து முதலில் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலே ஏறும்படி விடச் சொல்லுங்கள்; வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். எங்காவது ஒட்டுப்பசை தேவைப்பட்டால், அமிலம் வெளிவிடாத, மின்னணுப் பாகங்களுக்குரிய சிலிகான்தானா என்று டியூபை வாங்கிப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் மோந்து பார்த்தாலே போதும்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது, “பில் இருக்கா?” என்பதே கடைக்காரரின் முதல் கேள்வி. அவர் தந்திருந்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட, ஜி.எஸ்.டி. எண் இல்லாத துண்டுச்சீட்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த சேவைக்கு ரசீது தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்று. ஆகவே சீட்டு தந்தவருக்குத்தான் அது பாதகம், வாங்கியவருக்கு அல்ல. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். கடைக்காரர் அசையாததால் மாவட்ட ஆணையத்துக்குப் போனேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. இணையவழியாகவே மனுத் தாக்கல் செய்யலாம். பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

இதேபோன்ற ‘பேக்கிங்’ போட்டுக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், சிலிகானைச் சுரண்டி எடுப்பதற்கு முன்பே, சவ்வு அடைபட்டிருப்பது தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய கேமராவை சர்வீஸ் சென்டரில் விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள். என்ன கோளாறு, எதனால் வந்தது என்பதை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். என் மனுவோடு அந்த எஸ்டிமேட் சீட்டு, ஜாப் கார்டு, பச்சை பிடித்த கனெக்டரின் படம் ஆகிய மூன்றையும் இணைத்திருக்கிறேன்.