இன்ஜினீயரிங் சீட்: கலந்தாய்வா, ஜோசாவா, நிகர்நிலையா, மேனேஜ்மென்ட்டா?

தமிழ்நாட்டில் கணிதம் எடுத்துப் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்கு இன்ஜினீயரிங் சேர நான்கு வழிகள் உண்டு. மாநில அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு, ஜே.இ.இ. என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுதி ஜோசா என்ற மத்தியக் கலந்தாய்வு மூலம் என்.ஐ.டி., ஐ.ஐ.டி., தாங்களே சேர்க்கை நடத்தும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், தனியார் கல்லூரிகளின் மேனேஜ்மென்ட் கோட்டா. பெரும்பாலான வீடுகளில் கல்லூரிப் பெயரை வைத்துத்தான் இவற்றை ஒப்பிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஏப்ரல், மே மாதங்களிலேயே முன்பணம் கேட்கும். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அதற்கும் முன்பே பேச்சு தொடங்கிவிடும். ஜோசா ஜூன், ஜூலையில் நடக்கும். மாநிலக் கலந்தாய்வு ஜூலையில் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை போகும். செலவு அதிகமான வழி முதலில் பதில் கேட்கிறது, செலவு குறைந்த வழி கடைசியில் பதில் சொல்கிறது. பெற்றோர் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

மாநிலக் கலந்தாய்வு

2007 முதல் இதற்கு நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்தான். மூன்று பாடங்களை வைத்துக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண் 200க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் 92, இயற்பியலில் 86, வேதியியலில் 90 எடுத்த பிள்ளைக்கு 92 + 43 + 45 = 180. கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண் இயற்பியலில் இரண்டுக்குச் சமம் என்பதால், விடைத்தாள் நகல் வாங்கிப் பார்ப்பதென்றால் முதலில் கணிதத் தாளுக்கு வாங்குங்கள். நகல் கேட்டு விண்ணப்பித்தவர்கள்தான் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியும், அதற்கான நாட்களும் குறைவு. தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே முடிவெடுத்துவிட வேண்டும்.

இந்த வழியின் பெரிய பலம் 69 விழுக்காடு இட ஒதுக்கீடும் கட்டணமும். தனியார் சுயநிதிக் கல்லூரிகள் சிறுபான்மை நிறுவனம் இல்லையென்றால் 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மை நிறுவனம் என்றால் 50 விழுக்காட்டையும் அரசுக்குத் தர வேண்டும். அந்த இடங்களுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-18இல் வைத்த கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாய். என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. சேரும் ஆண்டுக்கான ஆணையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைதான் முதல் பட்டதாரி என்றால் சுயநிதிக் கல்லூரியில் 25,000 ரூபாய் கழியும். இந்தச் சலுகை கலந்தாய்வு வழியே சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். அதே கல்லூரியில், அதே வகுப்பில், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும். அந்தப் பிள்ளைகளை வேறு எந்த வழிக்கும் அவசரப்படுத்தாதீர்கள். அவர்களுக்கு இதற்கு ஈடாக எதுவும் இல்லை.

இதன் பலவீனமும் வெளிப்படையானது. கடைசி வரை காத்திருக்க வேண்டும். கல்லூரிகள் நானூறுக்கும் மேல், தரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எனவே விருப்பப் பட்டியலை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விருப்பப் பட்டியல்

கட்-ஆஃப் மதிப்பெண்ணை வைத்துப் பட்டியல் போடாதீர்கள், ரேங்கை வைத்துப் போடுங்கள். ஒரு வருடம் கேள்வித்தாள் எளிதாக இருந்தால் எல்லோருடைய கட்-ஆஃபும் ஏறிவிடும், போன வருடம் 185க்குக் கிடைத்த சீட் இந்த வருடம் 188க்குப் போய்விடும். ரேங்க் அவ்வளவாக ஆடாது. கலந்தாய்வு இணையதளத்தில் போன ஆண்டு அலாட்மென்ட் விவரம் கிடைக்கும். உங்கள் சாதிப் பிரிவில் எந்தக் கல்லூரியின் எந்தப் பாடப்பிரிவு எந்த ரேங்கோடு முடிந்தது என்று அதில் பாருங்கள். பிள்ளையின் ரேங்க் 20,000 என்றால், போன ஆண்டு 12,000 அளவில் முடிந்த இடங்களிலிருந்து 30,000 அளவில் முடிந்தவை வரை பட்டியலில் வரட்டும். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். அறுபது, எழுபது எழுதுவது அதிகமில்லை.

பெற்றோரில் பலர், கிடைக்காத கல்லூரியை மேலே எழுதினால் வாய்ப்பு வீணாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். வீணாகாது. கணினி ரேங்க் வரிசையில் ஒவ்வொரு பிள்ளையாக எடுக்கிறது. அந்தப் பிள்ளையின் பட்டியலை மேலிருந்து பார்த்து, இடம் இருக்கும் முதல் விருப்பத்தைக் கொடுக்கிறது. முதல் விருப்பம் கிண்டி பொறியியல் கல்லூரி, ஆறாவது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.) என்று எழுதி, முதல் ஐந்தும் நிரம்பியிருந்தால் ஆறாவது கிடைக்கும். ஜி.சி.டி.யை முதலில் எழுதியிருந்தாலும் அதேதான் கிடைத்திருக்கும். ஆகவே ஆசைப்படும் வரிசையில்தான் எழுத வேண்டும், ‘கிடைக்கும்’ வரிசையில் அல்ல. தப்பு நடப்பது வேறு இடத்தில். சேர விருப்பமில்லாத கல்லூரியை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று நடுவில் நுழைத்தால், அது கிடைத்தபின் அதற்குக் கீழே எழுதியது எதுவும் கிடைக்காது.

பெயர்க் குழப்பம் இன்னொரு பெரிய ஆபத்து. சி.ஐ.டி. என்றால் கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியும் உண்டு, சென்னை இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியும் உண்டு. பீளமேட்டில் இருக்கும் பி.எஸ்.ஜி. டெக் வேறு, நீலாம்பூரில் இருக்கும் பி.எஸ்.ஜி. ஐடெக் வேறு. எம்.ஐ.டி. என்ற சுருக்கமும் குரோம்பேட்டையில் இருக்கும் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜிக்கு மட்டும் சொந்தமில்லை. கல்லூரி எண்ணைப் பார்த்து எழுதுங்கள். பி.எஸ்.ஜி. டெக் 2006, கோவை சி.ஐ.டி. 2007. பாடப்பிரிவுக்குப் பக்கத்தில் ‘எஸ்.எஸ்.’ என்று இருந்தால் அது அரசு உதவி பெறும் கல்லூரிக்குள்ளேயே நடக்கும் சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல்.

கல்லூரியா, பாடப்பிரிவா என்ற கேள்விக்கு எங்கள் கருத்து: முன்னணி அரசுக் கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள் கிடைக்கும் ரேங்க் என்றால் கல்லூரிக்கே முதலிடம். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) கிடைக்கிற பிள்ளை, பெயர் தெரியாத கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்குப் போக வேண்டியதில்லை. அந்த ரேங்குக்குக் கீழே வந்துவிட்டால், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் செமஸ்டர் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்த்து மிகக் குறைவாக இருக்கும் கல்லூரிகளை முதலில் அடித்துவிட்டு, பிறகு பாடப்பிரிவைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

பட்டியலை எழுத வேண்டியது பிள்ளை. நான்கு வருடம் அங்கே உட்காரப்போவது அந்தப் பிள்ளைதான். பெற்றோர் முன்கூட்டியே சொல்ல வேண்டியது இரண்டு: ஆண்டுக்கு இவ்வளவுதான் முடியும், விடுதியில் விடுவோமா மாட்டோமா. இதைப் பட்டியல் எழுதும் நாளில் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு சமயத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அலாட்மென்ட் வந்ததும் உறுதிப்படுத்தச் சில வாய்ப்புகள் திரையில் வரும். மூன்றாவது விருப்பம் கிடைத்து, முதல் இரண்டின் மேல் இன்னும் ஆசை இருந்தால் ‘ஏற்றுக்கொண்டு மேலே நகர விருப்பம்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். கையில் இருக்கும் இடம் பத்திரமாக இருக்கும், மேலே காலியானால் மாறும். மாறிவிட்டால் பழைய இடம் திரும்பாது. ‘மறுத்துவிட்டு அடுத்த சுற்று’ என்பதைக் கோபத்தில் அழுத்திவிடக் கூடாது, நல்ல இடங்கள் முன்சுற்றுகளிலேயே போய்விடும். கொடுத்த நாட்களுக்குள் எதையும் அழுத்தாவிட்டால் அலாட்மென்ட் ரத்து. விண்ணப்பிக்கும்போது பிரவுசிங் சென்டர்காரரின் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுத்த பிள்ளைகள் இந்த நாளில்தான் தவிப்பார்கள், ஓ.டி.பி. அங்கே போகும். வீட்டில் எப்போதும் இருக்கும் எண்ணையே கொடுங்கள்.

ஜோசா

ஜே.இ.இ. மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கும், 300 மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழியும். என்.ஐ.டி.களில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு. திருச்சி என்.ஐ.டி.யில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கும் உண்மையான சாதகம் இதுதான். காஞ்சிபுரம் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். போன்ற மற்ற மத்திய நிறுவனங்களில் அந்த ஒதுக்கீடு கிடையாது. பிளஸ் டூவில் 75 விழுக்காடு, அல்லது அந்த போர்டின் முதல் 20 பெர்சென்டைலுக்குள் இருக்க வேண்டும். பட்டியல் பிரிவினருக்கும் பழங்குடியினருக்கும் 65 விழுக்காடு போதும்.

கட்டணத்தில் பலர் ஏமாறுவார்கள். என்.ஐ.டி. கல்விக் கட்டணம் செமஸ்டருக்கு 62,500 ரூபாய் என்றதும் பின்வாங்கிவிடுவார்கள். குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் அது முழுதும் தள்ளுபடி. ஒன்றிலிருந்து ஐந்து லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு வருமானம் எதுவானாலும் முழுத் தள்ளுபடி. ஆண்டுக்கு நான்கு லட்சம் சம்பாதிக்கும் வீட்டுக்கு என்.ஐ.டி.யில் கல்விக் கட்டணம் சுமார் 41,700 ரூபாய்தான், சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்தை விடக் குறைவு. முதல் பட்டதாரிச் சலுகை இருந்தால் கணக்கு திரும்பும், சுயநிதியில் 55,000 என்பது 30,000 ஆகிவிடும். விடுதி, சாப்பாட்டுச் செலவு இரண்டு பக்கமும் தனி.

இந்த வழியில் பிள்ளைகள் விழுவது சான்றிதழில். மாநிலக் கலந்தாய்வுக்கு பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். ஜோசாவுக்கு அது செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கிய ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவில் இல்லை என்று காட்டும்) சான்றிதழ் வேண்டும். மாநில பி.சி. பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை, ஜே.இ.இ. விண்ணப்பத்தில் ஓ.பி.சி. என்று குறிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலே போய்த்தான் வரும். மே மாதம் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் விண்ணப்பிப்பார்கள், தாமதமாகும். ஏப்ரல் முதல் வாரமே போட்டுவிடுவது நல்லது. ஜோசாவிலிருந்து விலகுவதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. மாநிலக் கலந்தாய்வைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று இருப்பவர்கள் அந்தத் தேதியைக் குறித்துவைக்க வேண்டும்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள்

வேலூர் வி.ஐ.டி., எஸ்.ஆர்.எம். போன்றவை சொந்தத் தேர்வு வைக்கின்றன. தஞ்சாவூர் சாஸ்த்ராவில் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு ஜே.இ.இ. மெயினையும் சேர்த்துப் பார்க்கும் வழியும், பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் வழியும் இருக்கின்றன. வளாகம், பாடத் தேர்வில் சுதந்திரம், வேலைவாய்ப்புக்கு வரும் நிறுவனங்கள் என்று உண்மையான பலங்கள் இவற்றுக்கு உண்டு. மாநில இட ஒதுக்கீடும் முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது.

வி.ஐ.டி.யில் ஒரே பாடப்பிரிவுக்கு ஒன்று முதல் ஐந்து வரை கட்டண வகைகள் உண்டு. ரேங்க் பின்னால் போகப் போக வகை எண் ஏறும், கட்டணமும் ஏறும். வகுப்பும் பட்டமும் ஒன்றுதான். முதல் இரண்டு வகைக்குள் கிடைத்து, நான்கு வருடச் செலவையும் வீடு தாங்குமென்றால் யோசிக்கலாம். நான்கு, ஐந்தாம் வகைக்குக் கடன் வாங்கிப் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி அடமானம் கேட்கலாம், நான்கு வருடச் செலவு அதை எளிதில் தாண்டிவிடும்.

மே மாதம் இங்கே முன்பணம் கட்டி வைப்பது தவறில்லை, திரும்ப வரும் விதி தெரிந்து கட்டினால். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கட்டணத்தைத் திருப்பித் தர ஒரு தேதி அறிவிக்கிறது. 2024-25க்கு செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப் பணம், அக்டோபர் 31 வரை என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்தம். கட்டும் முன் அந்தக் கல்லூரியின் திருப்பித் தரும் விதியைத் தேதியோடு எழுத்தில் வாங்குங்கள்.

மேனேஜ்மென்ட் கோட்டா

இங்கே கல்வி ஒன்றுதான், பட்டத்தில் எந்த வித்தியாசமும் இருக்காது. கட்டண நிர்ணயக் குழு 2017-18இல் இதற்கு வைத்த கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 85,000, அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 87,000. அதற்கு மேல் ரசீது இல்லாமல் கேட்பது நன்கொடை. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் அது குற்றம், ரசீது இல்லாத பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. பிள்ளைக்கு ஒரே ஒரு கல்லூரி, ஒரே ஒரு பாடப்பிரிவுதான் வேண்டும், கலந்தாய்வில் அந்த ரேங்குக்கு அது எட்டாது என்பது உறுதியானால் மட்டும் இதைப் பார்க்கலாம். ரேங்க் பட்டியல் வருவதற்கு முன் இதில் பணம் கட்டிய பலருக்கு, பிறகு கலந்தாய்வில் அதே கல்லூரி 55,000க்குக் கிடைத்திருக்கும்.

இன்னொன்று. சேர்க்கையின்போது மாற்றுச் சான்றிதழையும் (டி.சி.) அசல் மதிப்பெண் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அசல்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லியிருக்கிறது, ஆனாலும் கலந்தாய்வில் இடம் கிடைத்துச் சேரப் போகும் நாளில் டி.சி. வேறு கல்லூரியில் இருந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான். கலந்தாய்வு முடியும் வரை எங்கே சேர்ந்தாலும் நகல்களைக் கொடுத்து, அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள். கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எந்தெந்தச் சான்றிதழ் கொடுத்தோம் என்று முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் கொடுப்பதற்கு முன் ஸ்கேன் செய்து வையுங்கள், டி.சி.க்கு மட்டும் சான்றொப்பமிட்ட நகல் ஐந்து எடுத்து வைப்பது நல்லது.