உக்கடம் பெரியகுளக் கரை: நடப்பவருக்கு நிறைவு, பறவைக்குப் பாதி

கோயம்புத்தூரின் உக்கடம் பேருந்து நிலையத்தில் இறங்கினால், நடத்துநர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவும் ஓசை காதை விட்டு அகலும் முன்பே பெரியகுளத்தின் கரைக்கு வந்துவிடலாம். சுமார் 320 ஏக்கர் பரப்புள்ள இந்த நீர்ப்பரப்பின் கரையில், ஸ்மார்ட் சிட்டி என்று எல்லோரும் சொல்லும் சீர்மிகு நகரத் திட்டத்தின் நிதியில் நடைபாதை, இருக்கைகள், விளக்குகள், சிறுவர் விளையாடும் இடம் ஆகியவை அமைக்கப்பட்டிருக்கின்றன. பலமுறை சென்று நடந்தும் உட்கார்ந்தும் பார்த்த பிறகே இதனை எழுதுகிறேன். வரிப்பணத்தில் அமைந்த பூங்காவை, காசு கொடுத்து வாங்கிய பொருளைப் போலவே எடைபோட்டுப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

முதலில் நிறைவைச் சொல்லிவிடுகிறேன். மாலை வேளையில் இக்கரையில் கூடும் கூட்டத்தைப் பார்த்தால், இந்த நகரத்துக்கு உட்கார ஓர் இடம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். உணவகத்துக்கோ வணிக வளாகத்துக்கோ குடும்பத்தோடு போய்ச் செலவு செய்ய இயலாதவர்கள், வீட்டிலிருந்து கொண்டுவந்த பொரியைப் பிரித்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளை ஓடவிட்டு, இரண்டு மணி நேரம் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகிறார்கள். மேற்கே மலைத்தொடர், நடுவே நீர், முகத்தில் பாலக்காட்டுக் கணவாயின் காற்று. நடைபாதை அகலமானது, முதியவர்கள் அச்சமின்றி நடக்கிறார்கள். பொழுதுபோக்கு இடம் என்ற அளவில் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தயங்காமல் கொடுப்பேன்.

இயற்கைக் காப்பு என்ற அளவுகோலை எடுத்தால் கணக்கு மாறுகிறது. நொய்யல் ஆற்றின் அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் வழியே வரும் நீர், செல்வசிந்தாமணிக் குளம் நிறைந்தபின் பெரியகுளத்துக்கும், அதன் மிகுநீர் வாலாங்குளத்துக்கும் செல்லுமாறு முன்னோர் அமைத்த சங்கிலித்தொடரில் இது ஒரு கண்ணி. இத்தகைய குளத்தில் உயிர் மிகுந்த பகுதி நடு ஆழம் அன்று. நீரும் நிலமும் கலக்கும் ஓரத்துச் சேறும், அங்கே வளரும் கோரை, சம்புப் புற்களுமே ஆகும். நீலத்தாழைக்கோழி கூடு கட்டுவதும், முக்குளிப்பான் குஞ்சுகளை மறைப்பதும், உள்ளான் இரை கிளறுவதும் அங்கேதான். கரையை உயர்த்திச் சரிவில் கல் பதித்துப் பாதை போடும்போது, மனிதனுக்கு நேர்த்தியாகத் தெரியும் அந்த ஓரம், பறவைக்குச் சுவராகிவிடுகிறது. கரைநெடுக விளக்கு எரிவதும், இரவில் அடையும் பறவைக்கு உவப்பானதன்று.

ஒரு காலை, நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் என் கையில் பைனாகுலரைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, அந்தக் கூழைக்கடா வந்திருக்குதுங்களா?” என்று கேட்டார். நடுநீரில் நான்கைந்து மிதந்துகொண்டிருந்ததைக் காட்டினேன். அவற்றுக்குச் சற்றுத் தள்ளி, பரிசலில் ஒருவர் வலையை இழுத்துக்கொண்டிருந்தார். பெரியவர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “அதுக்கென்னங்க, பெரிய பறவை, நடுவுல நின்னுக்கும். சின்னதெல்லாம்தான் ஓரத்துல காணோம்” என்றார். நான் இரண்டு பத்தியில் விளக்க முயன்றதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

பறவையை விட்டு நடப்பவர் பக்கம் சாய்ந்த இந்தப் போக்குக்கு, நிதி வரும் முறையே பெரிதும் காரணம் என்பது என் கருத்து. 2015 ஜூன் மாதம் தொடங்கிய சீர்மிகு நகரத் திட்டத்தில், 2016 ஜனவரியில் வெளியான முதல் 20 நகரங்களின் பட்டியலிலேயே கோவை இடம்பெற்றது. ஒரு நகரத்துக்கு ஒன்றிய அரசு ஐந்தாண்டுகளில் 500 கோடி ரூபாய், அதற்கு இணையான தொகை மாநில அரசும் மாநகராட்சியும் என்பது ஏற்பாடு. காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு 2025 மார்ச் 31 அன்று திட்டம் முடிந்தது. தொடக்கமும் முடிவும் குறிக்கப்பட்ட பணம், அளந்து பட்டியல் எழுதக்கூடிய வேலையையே நாடும். நடைபாதையை மீட்டரில் அளக்கலாம். விளக்குக் கம்பத்தை எண்ணலாம். கழிவுநீர் கலக்காமல் ஆண்டு முழுவதும் காவல் காப்பதையும், ஊட்டம் மிகுந்த நீரில் படரும் ஆகாயத்தாமரையை அள்ளிக்கொண்டே இருப்பதையும் எந்த நாளில் முடிந்த பணி என்று எழுதி ஒப்பமிடுவது? அவை முடியாத வேலைகள். அந்தச் செலவு இனி மாநகராட்சியின் அன்றாட வருவாயின் மீதே விழும்.

2013இல் இதே குளம் வறண்டு கிடந்தபோது, ஞாயிறுதோறும் மக்கள் மண்வெட்டியும் கூடையுமாக வந்து தூர்வாரும் பணியில் இறங்கியதை இவ்வூரார் மறந்திருக்கமாட்டார்கள். அந்த உழைப்பு குளத்துக்குள் இறங்கியது. பின்னால் வந்த பெரும்பணமோ கண்ணுக்குத் தெரியும் அளவில் பெரும்பாலும் கரையிலேயே நின்றுவிட்டது. உயிர்ப்பன்மையைக் காக்கும் பகுதியாக அறிவிக்கப்பட்ட சிங்காநல்லூர்க் குளத்தில் மரமும் புதரும் தம் போக்கில் வளர்ந்து நிற்பதை ஒருமுறை பார்த்துவிட்டு இங்கு வந்தால் வேறுபாடு புரியும்.

பராமரிப்பைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திப் பேசக் காரணம், முன்பு குடியிருந்த ஊரில் பட்ட அனுபவம். குடியிருப்போர் மூன்றில் ஒரு பங்கு செலுத்தி, அரசின் பங்கோடு அமைந்த சிறு பூங்கா அது. சறுக்குமரத்தின் தகடு கிழிந்து ஒரு குழந்தையின் முழங்காலைக் கீறிய பிறகு, எழுதிய மனுவுக்கு வந்த பதில், புதிதாக அமைக்க நிதித்தலைப்பு உண்டு, பழுதுபார்க்க இல்லை என்பதே. தகட்டை ஒரு தச்சரைக் கொண்டு நாங்களே மூடினோம். செலவு ஆயிரம் ரூபாயைக்கூடத் தொடவில்லை.

ஆகவே பெரியகுளத்துக்குக் காப்பு என்ற வகையில் இரண்டரைக்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கரையின் ஒரு பகுதியிலாவது கல்லைப் பெயர்த்துவிட்டு, கோரை வளர விட்டு, இரவில் விளக்கணைத்தால் மதிப்பெண்ணைத் திருத்தி எழுதுவேன். அதற்குப் பெரிய நிதி ஏதும் வேண்டியதில்லை.

செல்ல விரும்புவோர் வாரநாளின் காலை ஆறு மணியைத் தேர்ந்தெடுக்கலாம். கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். நீரும் பறவையும் மலையும் தெளிவாகத் தெரியும். ஞாயிறு மாலை என்றால், பறவையை மறந்துவிட்டுப் பொரியோடு போவதே நல்லது.