4.8 லட்சம் என்றார்கள், கைக்கு வந்தது 25 ஆயிரம்: ஆஃபர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஓஎம்ஆர் பக்கம் வேலை தேடுகிறவர்கள், முக்கியமாக கோவை, ஈரோடு, மதுரை என்று வெளியூரிலிருந்து சென்னைக்குக் கிளம்புகிறவர்கள், ஒரு நிமிஷம் ஒதுக்கிப் படியுங்கள். கம்பெனி பெயர் போடவில்லை. இதே வேலையைச் செய்கிற கம்பெனிகள் நிறைய இருக்கின்றன, ஒன்றின் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கோவையில் அக்கவுண்ட்ஸ் வேலை. பே ஸ்லிப்பில் 24,000, பிடித்தம் போக கைக்கு 22,000. வீட்டுச் சாப்பாடு, அரை மணி நேர பஸ். அப்போது கன்சல்டன்சி மூலம் ஒரு எச்ஆர் பேசினார். "மேடம், 4.8 லட்சம் பேக்கேஜ். இப்போ வாங்கறதைவிட 66 பர்சென்ட் ஹைக். இதுக்கு மேல யோசிக்கறீங்களா?" மாசம் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டேன். "36, 37 வரும் மேடம்" என்றார். அதை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்ற பிரேக்கப் கேட்டு மெயில் போட்டேன். அந்த விவரம் இருக்கும் அனெக்சர் (ஆஃபர் லெட்டரின் இணைப்பு) ஜாயினிங் அன்று தருவோம், அதுதான் கம்பெனி பாலிசி என்று பதில் வந்தது. ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 4,80,000 என்று ஒரே ஒரு வரி.

பழைய வேலையை விட்டு, பெட்டியோடு சென்னை வந்து இறங்கிய பிறகுதான் அந்த அனெக்சர் கைக்கு வந்தது. மேலே பேசிக் (அடிப்படைச் சம்பளம்), எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி), ஸ்பெஷல் அலவன்ஸ் எல்லாம் பளிச்சென்று. கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் மற்றது. மாசக் கணக்காக மாற்றித் தருகிறேன், பாருங்கள்.

4,80,000-ஐ 12-ஆல் வகுத்தால் 40,000. அதில் 4,000 வேரியபிள் பே. அதாவது 10 சதவீதம், வருஷக் கடைசியில், ரேட்டிங் பார்த்து, அதுவும் மார்ச் 31 அன்று வேலையில் இருந்தால்தான். 3,000 ரிடென்ஷன் போனஸ், ஒரு வருஷம் முடிந்தால் மொத்தமாக 36,000. அதை வாங்கி ஆறு மாதத்துக்குள் வெளியேறினால் திருப்பிக் கட்ட வேண்டும். பேசிக் 16,000 என்பதால் கம்பெனி பங்கு பிஎஃப் 12 சதவீதம், 1,920. கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) 4.81 சதவீதம், 770. இன்ஷூரன்ஸ் 500. இவ்வளவும் போனால் 29,810. பே ஸ்லிப்பில் மொத்தச் சம்பளம் என்று வருவதே இதுதான்.

அதிலிருந்து என் பங்கு பிஎஃப் இன்னொரு 1,920. தொழில் வரி அரையாண்டுக்கு 1,250, மாசத்துக்கு 208. பிறகு ஆஃபீஸ் வண்டிக்கான கேப் சார்ஜ் 2,500. இதைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை, அனெக்சரிலும் கிடையாது, முதல் பே ஸ்லிப்பில்தான் பார்த்தேன். அக்கவுண்டில் விழுந்தது 25,182.

பிஎஃப் நம் பணம்தானே என்பார்கள். சரிதான், ஆனால் கம்பெனி போடும் 1,920-லும் 1,250 பென்ஷன் கணக்குக்குப் போய்விடும் (15,000-க்கு 8.33 சதவீதம்), பாஸ்புக்கில் பிஎஃப் பக்கம் ஏறுவது 670தான். கிராஜுவிட்டி இன்னும் மோசம். நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருஷ சர்வீஸ் முடிந்தால்தான் கிடைக்கும். பேசிக்கில் 15-ஐ 26-ஆல் வகுத்து, திரும்ப 12-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த 4.81. ஐந்து வருஷம் யாரும் நிற்காத டீமில், எல்லோர் பேக்கேஜிலும் இதற்கும் ஒரு தொகை!

அடுத்தது அந்த 66 சதவீதம். என் பழைய மொத்தச் சம்பளம் 2.88 லட்சம், புதிய சிடிசி (எனக்காகக் கம்பெனி செய்யும் மொத்த ஆண்டுச் செலவு, அதாவது அந்த பேக்கேஜ்) 4.8 லட்சம், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் 66 வரத்தான் செய்யும். ஒன்றில் வேரியபிளும் கம்பெனி பிஎஃப்பும் சேர்ந்திருக்கிறது, இன்னொன்றில் இல்லை. மொத்தச் சம்பளத்தோடு மொத்தச் சம்பளத்தை வைத்தால் 24 சதவீதம். கைக்கு வருவதோடு கைக்கு வருவதை வைத்தால் 14 சொச்சம். தினமும் இந்தக் கணக்கைப் போடுகிறவருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

வேளச்சேரியில் ஹாஸ்டல் 8,500 சாப்பாட்டோடு. மிச்சம் 16,682. கோவையில் போக்குவரத்து சேர்த்து 9 மணி நேரம், 26 நாள், ஆக 234 மணி நேரத்துக்கு 22,000: மணிக்கு 94 ரூபாய். இங்கே 9 மணி நேர ஷிஃப்ட், சிறுசேரி போய்வர 3 மணி நேரம், 24 நாள், ஆக 288 மணி நேரத்துக்கு 25,182: மணிக்கு 87. ஹாஸ்டல் வாடகையைக் கழிக்காமலே இது. அம்மா இன்னும் "சென்னையில் நல்ல சம்பளம்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எச்ஆரிடம் போய்க் கேட்டேன். "36 என்று நான் சொன்னது வேரியபிள், போனஸ் எல்லாம் சேர்த்து ஆவரேஜாக மேடம்" என்றார். சேர்த்தாலும் 36 வரவில்லை. 25,182-உடன் 7,000 கூட்டினால் 32,182. அதையும் சொன்னேன். பேச்சு பாண்ட் பக்கம் திரும்பிவிட்டது: 18 மாதத்துக்குள் வேலையை விட்டால் ஒரு லட்சம் கட்ட வேண்டும். "பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று ஆள் ஆளுக்குச் சொல்வார்கள், அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் மூன்று வருஷம், 2 லட்சம் என்ற பாண்ட் செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லா பாண்டுக்கும் அது அப்படியே பொருந்தாது என்றாலும், எல்லாம் செல்லாது என்பதும் பொய்.

இப்போது ஆஃபர் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கில் சேரும். பேசிக் குறைவாகக் காட்டிய பேக்கேஜில் கிராஜுவிட்டிக்குக் காட்டும் தொகை பெரிதாகும். சிடிசி அதே தொகையென்றால் கைக்கு வருவதில்தான் கை வைப்பார்கள். பழைய ஆட்களிடம் கேட்டு வந்த தொகையை நம்ப வேண்டாம்.

நான் திரும்ப வேலை தேட ஆரம்பித்துவிட்டேன். இப்போது யார் பேசினாலும் முதலில் ஒரே மெயில்தான்: வேரியபிள், போனஸ், கம்பெனி பிஎஃப், கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ், கேப், எல்லாம் கழித்து மாதாமாதம் என் வங்கிக் கணக்கில் எவ்வளவு விழும், எழுத்தில் தாருங்கள். ஒரு கம்பெனி அன்று மாலையே எக்செல் அனுப்பியது. கேப் இலவசம் என்பதுகூட அதில் தனி வரியாக இருந்தது. இன்னொன்று, அனெக்சர் ஜாயினிங் அன்றுதான் என்றது. அந்த இன்டர்வியூவுக்கு நான் போகவில்லை.